அண்ணாச்சிக்குப் பிடிக்காத சொல்

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அவரிடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூடக் குரல் உயர்ந்ததில்லை. வேறு கம்பெனிகளில் இருக்கும் என் சிநேகிதிகள் தங்கள் முதலாளிகளைத் திட்டித் தீர்க்கும்போது நான் வாயைத் திறக்க மாட்டேன். "உனக்கென்னடி, தங்கமான மனுஷன் கிட்ட மாட்டியிருக்க" என்பார்கள். தங்கம்தான். அந்தத் தங்கத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் ஏசி அறையிலும் எனக்கு ஏன் வியர்க்கும் என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விசிட்டிங் கார்டில் நிர்வாக இயக்குநர் என்று இருக்கும். நேரில் சார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அது அவருக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை போட்ட குடும்பம். கடை வளர்ந்து மொத்த வியாபாரம் ஆகி, திருவொற்றியூரில் வாங்கிப் போட்ட ஒரு மிளகாய்க் கிடங்கின் மாடியில் அவர் இந்தக் கம்பெனியைத் தொடங்கினார். விஷவாயு கசிந்தால் கண்டுபிடித்துக் கத்துகிற பெட்டி செய்யும் கம்பெனி. சுவரில் மாட்டுவது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு, ஒரு சைரன், செல்போனுக்குத் தகவல் அனுப்ப எங்கள் பையன்களே எழுதிய மென்பொருள். மணலியில் இருந்து எண்ணூர் வரை மூச்சு விடுகிற எல்லோருக்கும் தேவையான சாமான். கீழே இருந்து ஏறும் மிளகாய் நெடியில் நாங்கள் தும்மிக்கொண்டே அதைச் செய்தோம்.

பெட்டி வெளியே போவதற்கு முன் அது ஒழுங்காகக் கத்துகிறதா என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை.

அண்ணாச்சி கடையில் வளர்ந்தவர். அவர்கள் கடையில் வாடிக்கையாளரிடம் "இல்லை" என்று சொல்லக் கூடாது. உளுந்து தீர்ந்துபோயிருந்தால் "சாயங்காலம் வருது" என்பார்கள், அல்லது பின்பக்கமாக ஆள் அனுப்பி அடுத்த கடையில் வாங்கிக் கொடுப்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தால் நிறைந்திருக்கிறது என்று சொல்வார்கள். கடை விளக்கை அணைத்தால்கூட அணைத்தோம் என்று சொல்ல மாட்டார்கள், குளிர வைத்தோம் என்பார்கள். ராயபுரத்தில் பிறந்த எனக்கு இதெல்லாம் புதிதில்லை. எங்கள் தெருமுனைக் கடையிலும் அப்படித்தான். மளிகைக் கடைக்கு அது அழகாகத்தான் இருக்கும். ஆபத்து வருகிறது என்று சொல்வதற்காகவே பெட்டி செய்கிற இடத்துக்கும் அவர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"கல்லாவுல உக்காந்துகிட்டு இல்லன்னு சொன்னா அந்தச் சொல்லு அங்கனயே தங்கிரும்மா. பெறவு அத வெளிய அனுப்ப முடியாது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

ஆரம்ப வருஷங்களில் இந்தக் குணத்தால்தான் கம்பெனி வளர்ந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து குளோரினுக்கு உங்களிடம் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். அப்போது எங்களிடம் இருந்தது அமோனியாவுக்கு மட்டும். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை, "இருக்கு, அடுத்த மாசம் மாட்டிருவோம்" என்றார். வந்தவர் படி இறங்கியதும் எங்கள் தலைமைப் பொறியாளர் சம்பத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் செய்தார். சாப்பாடு தூக்கம் பார்க்காமல் சம்பத்தும் பையன்களும் உட்கார்ந்து செய்து முடித்தார்கள், அடுத்த மாதம் மாட்டினோம். அண்ணாச்சி எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்து, சம்பத்தின் தட்டில் தானே கறியை அள்ளி வைத்தார். "நான் சொன்னேம்லா, இருக்குன்னு" என்றார்.

என் சொந்த வீட்டிலும் அந்தக் குணம் ஒரு தடவை விளக்கேற்றியது. அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படுக்கை காலி இல்லை என்றார்கள். நானும் அண்ணனும் நடையில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எப்படியோ கேள்விப்பட்டு அவர் வந்தார். மேஜையில் இருந்த பெண் அவரிடமும் பெட் இல்லை என்றாள்.

"இருக்கும்மா. நல்லாப் பாரு."

"நெஜமா இல்ல சார்."

"இருக்கும். நான் இங்கன நிக்கேன். நீ நிதானமாப் பாரு."

அங்கேயே நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. அந்தப் பெண் தலை நிமிரும்போதெல்லாம் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் எங்கிருந்தோ ஒரு படுக்கை வந்தது. அம்மா பிழைத்துக்கொண்டாள். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

அண்ணனுக்குக் காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் பார் போடுகிற இடம். ஐஸ் உறைவது அமோனியாவால். அதை அழுத்திக் குழாய்களில் ஓட்டுகிற கம்ப்ரசர் அறையில்தான் அவனுக்கு நாள் முழுக்க வேலை. அந்த அறையிலும் எங்கள் பெட்டிதான் மாட்டியிருந்தார்கள். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை. "எந் தங்கச்சி செக் பண்ணி அனுப்ன பொட்டி" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் காட்டுவான். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய அன்று ஆட்டோவில் என்னிடம் சொன்னான். "அந்தாளுக்கு ஒண்ணுன்னா நா வந்து நிப்பேன் பாப்பா. இது சத்தியம்."

அப்போது அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கம்பெனி பெரிதானதும் திங்கட்கிழமை காலைகளில் மீட்டிங் என்று ஒன்று வந்தது. பெரிய திரையில் எல்லா வேலைகளும் வரிசையாக வரும். ஒழுங்காகப் போகிற வேலைக்குப் பச்சை, இழுத்தடிப்பதற்கு மஞ்சள், மாட்டிக்கொண்டு நிற்பதற்குச் சிவப்பு. எங்கள் பெட்டியில் இருக்கிற அதே நிறங்கள். ஒரு திங்கட்கிழமை சம்பத் ஒரு வேலைக்குச் சிவப்பு போட்டிருந்தார். அண்ணாச்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்னத்துக்குப்பா வாரத்தோட மொத நாளே செவப்பு? மஞ்சளாப் போட்டு வையி. பாத்துக்கிடுவோம்."

மஞ்சளாக்கினார்கள். சில மாதங்களில் மஞ்சளும் உறுத்த ஆரம்பித்தது. "சீக்காளி கணக்கா இருக்கு" என்றார். அதற்காக ஒரு வெளிர்பச்சை கண்டுபிடித்தார்கள். அப்புறம் பலகை முழுக்க வாழைத்தோப்பு மாதிரி இருந்தது. எந்தப் பச்சை நிஜப் பச்சை, எது பயந்த பச்சை என்று எங்களுக்கே தெரியாது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பார். அவர் முகத்தில் அந்த நேரத்தில் இருந்த நிம்மதி, சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் முகத்தில்தான் இருக்கும். அதைக் கெடுக்க யாருக்கு மனசு வரும்?

மனசு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்த்தோம். அவர் யாரையும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. கெட்ட சேதியோடு உள்ளே போனால் உட்காரச் சொல்வார். டீ வரும். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார். சொல்ல வந்ததை முழுக்கக் கேட்டுக்கொள்வார். கடைசியில் "நல்லது. பாத்துக்கிடுவோம்" என்பார். அடுத்த வாரம் அந்த ஆளுக்குப் பதவி உயர்வு வந்திருக்கும். ஆலோசகர். கிடங்கை ஒட்டிக் கீழே ஆலோசகர்களுக்கென்று ஓர் அறை. நல்ல நாற்காலி, நல்ல ஏசி, வேளாவேளைக்கு டீ. வேலை மட்டும் எதுவும் வராது. மாடியில் இருந்து யாரும் போன் செய்ய மாட்டார்கள். அவர் மட்டும் எப்போதாவது எட்டிப் பார்த்து, "சௌகரியமா இருக்கீங்களா?" என்பார். நாங்கள் அந்த அறைக்கு வைத்த பெயர் ஃப்ரீசர். உள்ளே போனவர்கள் நாலைந்து மாதத்தில் தாங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

முதலில் போனது கணக்குப் பார்த்த அம்மா. அப்புறம் மென்பொருள் எழுதிய இரண்டு பையன்கள். நல்ல பையன்கள். ஒவ்வொருவர் போகும்போதும் மாடியில் இன்னும் கொஞ்சம் அமைதி கூடியது.

அவருடைய மச்சினர் மகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து தயாரிப்புக்குத் தலைவரானான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரியும். என்ன கேட்டாலும் "ஆயிடும் மாமா." அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அவன் வந்ததும் பெட்டிக்குள் இருக்கும் சென்சாரை மாற்றினான். புதியது விலை குறைவு, பார்க்கவும் அம்சமாக இருந்தது. பெங்களூர்க் காற்றில் அது ஒழுங்காக வேலை செய்திருக்கும். எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பியையே தின்கிற உப்பு. அந்தச் சென்சார் உப்புப் பூத்து, கசிவே இல்லாத இடத்தில் எல்லாம் கத்த ஆரம்பித்தது. சாப்பாட்டு நேரத்தில் கத்தும், மழை பெய்தால் கத்தும். வாடிக்கையாளர்கள் போனில் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாங்க இது பேஜாரா கீது. சும்மா சும்மா கத்துது. ஆளுங்க வேலைய வுட்டு ஓடிடறானுங்க" என்று அண்ணனின் ஐஸ் கம்பெனி முதலாளியே என்னிடம் கத்தினார்.

சம்பத் ஒரு முடிவோடு திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வந்தார். விற்ற பெட்டிகளை எல்லாம் திரும்ப வாங்கி, பழைய சென்சாரைப் போட்டுத் தர வேண்டும். வேறு வழி இல்லை. எழுந்து நின்று சொன்னார். மச்சினர் மகன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணாச்சி சம்பத்தின் தோளில் கை வைத்து, "ஒங்க மக காலேஜ் சேந்துட்டாளா?" என்று கேட்டார். சம்பத் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் டிபன் பாக்ஸோடு ஃப்ரீசருக்கு இறங்கிப் போனதை நாங்கள் மாடிப்படியில் நின்று பார்த்தோம்.

வாடிக்கையாளர்களிடம் அண்ணாச்சி "இனிமே கத்தாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மச்சினர் மகன் ஆயிடும் என்றான். சென்சார் மாறவில்லை, மென்பொருளை மாற்றினார்கள். வாயு வாடை பட்டதும் கத்தாமல், பல நிமிடங்கள் விடாமல் பட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் கத்துகிற மாதிரி. நடுவில் கொஞ்சம் விட்டாலும் மறுபடி முதலில் இருந்து எண்ணும், அதுவரை பச்சை. இந்த ஏற்பாட்டுக்கு அண்ணாச்சியே பெயர் வைத்தார். "அமைதி." மாமல்லபுரம் சாலையில் ஒரு ஹோட்டலில் விழா வைத்து, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய எழுத்தில் போட்டு அதை வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பெங்களூரில் இருந்து ஒருவர் எங்கள் கம்பெனியில் பணம் போட வந்தார். மீட்டிங் அறையில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். இப்போது உங்களுக்கு இருக்கும் பிரச்சினை என்ன? முதல் ஆள் ஒன்றும் இல்லை என்றான். இரண்டாவது ஆளும் அதையே சொன்னான். மச்சினர் மகன் எல்லாம் நன்றாகப் போகிறது என்றான். அண்ணாச்சி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வருவதற்குள் அந்த மனிதர் லேப்டாப்பை மூடிவிட்டார். ரொம்ப மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவரிடம் இருந்து போனே வரவில்லை. "நல்ல மனுசன், கண்டிப்பா வருவாரு" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருந்தார்.

அமைதி போட்ட பெட்டி என் சோதனை மேஜைக்கு வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் பெட்டியை வைத்து அமோனியாவைக் கொஞ்சம் திறந்துவிடுவேன். பழைய பெட்டி என்றால் நான் குழாயில் இருந்து கையை எடுப்பதற்குள் அலறும். இது சும்மா இருந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தேன். கூண்டின் மூடி வழியாகவே நெடி வந்து எனக்குக் கண் எரிந்தது, மூக்கில் தண்ணீர் கொட்டியது. பெட்டி பச்சையாக இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து உள்ளே அது கத்தியது. அந்த நேரத்தில் கம்ப்ரசர் அறையில் ஒரு ஆள் நின்றிருந்தால் அவன் கீழே விழுந்து கிடப்பான்.

அந்த ஆள் என் அண்ணன். அண்ணனின் பெட்டியிலும் இணையம் வழியாக அமைதி ஏற்கெனவே ஏறிவிட்டது.

அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். டீ வந்தது. அம்மா உடம்பு தேவலையா என்று கேட்டார்.

"சார், பெட்டி கத்த மாட்டேங்குது. கசிஞ்சா ஆள் விழுந்ததுக்கு அப்புறம்தான் கத்தும். எங்கண்ணன் அங்கதான் வேலை செய்றான் சார்."

"ஒங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது தாயி."

"சார், நான் பார்த்தேன். என் கண்ணு எரிஞ்சுது, அது பச்சையா இருந்துது."

அவர் என்னைப் பாசமாகப் பார்த்தார். பொய் சொல்கிறவர் முகம் எனக்குத் தெரியும். எங்கள் சொந்தத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். இது அந்த முகம் இல்லை. அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். நான் சொன்னது அவர் காதுக்குப் போய், அங்கிருந்து உள்ளே போக வழி இல்லாமல் நின்றுவிட்டது.

"நல்லது. பாத்துக்கிடுவோம்" என்றார்.

அடுத்த வாரம் நான் ஆலோசகரானேன். ஃப்ரீசரில் சம்பத் எனக்காக ஏசிக்கு நேராக இல்லாத நாற்காலியை ஒதுக்கிக் கொடுத்தார்.

அண்ணனிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். பெட்டியை நம்பாதே, மூக்கில் ஏறினால் ஓடிவந்துவிடு. அவன் சிரித்தான்.

"அதெல்லாம் அப்போ பாப்பா. பொட்டி இல்லாத காலத்துல மூக்கு எரிஞ்சா ஓடுவோம், மொதலாளியும் கூட ஓடுவாரு. இப்ப எரியுதுன்னு சொன்னா பொட்டியப் பாக்கறாரு. பச்சையா கீதுல்ல, உள்ள போடான்றாரு. உம் மூக்க வுட மிசினுக்கு ஜாஸ்தி தெரியும்ன்றாரு."

முதலாளிக்கு நானே போன் செய்து சொன்னேன். "உங்க சாரு எல்லாம் நல்லா கீதுன்றாரு, நீ இன்னாம்மா வேற சொல்ற" என்று வைத்துவிட்டார். அண்ணனை வேலையை விடச் சொன்னேன். மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், படகு எல்லாம் கடலுக்குப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்புகிற வாரத்தில் காசிமேடு மொத்தமும் ஐஸுக்கு அலையும். ஐஸ் கம்பெனிகள் இரவு பகல் நிற்காது. அந்த வாரத்தில் ஒரு நாள் காலை பதினோரு மணி வாக்கில் அண்ணாச்சி ஃப்ரீசர் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"வா தாயி, ஐஸ் கம்பெனி வரைக்கும் போயிட்டு வருவோம். நெடி விட்டு விட்டு அடிக்குன்னு அங்கன ஆளுக உள்ள போகமாட்டேங்காங்களாம். பெட்டி பச்சையாத்தான் இருக்காம். ஒங்க அண்ணன்ட்ட நீ ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு."

நான் சொல்லக் கூடாததைச் சொல்லத்தான் என்னை அழைத்துப் போனார். எனக்கும் அங்கே போயாக வேண்டும். காரில் ஏறினேன்.

ஐஸ் கம்பெனி வாசலில் வண்டிகள் நின்றன. படகுக்காரர்கள் ஐஸ் கேட்டுக் கூச்சல் போட்டார்கள். கம்ப்ரசர் அறைக்கு வெளியே அண்ணனும் மற்ற ஆட்களும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வாசலில் இறங்கும்போதே கண் கரித்தது. கதவு வழியாகச் சுவரில் பெட்டி தெரிந்தது. பச்சை.

முதலாளி அண்ணாச்சியிடம் ஓடிவந்தார். "நீங்களே சொல்லுங்க சார். மிசினு நல்லா கீது, இவனுங்க சீன் போடறானுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்துச் சொன்னேன். "போவாத. கசியுது. பெட்டி பொய் சொல்லுது. யாரும் உள்ள போவாதீங்க."

எல்லோருக்கும் கேட்டது. அண்ணாச்சிக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. அவர் கண்ணில் இருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"புள்ள பயப்படுது. ஒண்ணும் இருக்காதுப்பா. நானே போறேன், பாருங்க" என்று செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி உள்ளே போனார்.

அப்புறம் பொத்தென்று ஒரு சத்தம்.

யாரும் அசையவில்லை. அண்ணன் மட்டும் பக்கத்துத் தொட்டியில் துண்டை முக்கினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வுடு பாப்பா. அம்மாவுக்கு நின்ன ஆளு" என்றான். துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அவனைத் தடுக்கும் பலம் என் கையில் இல்லை.

அமோனியா மேலே ஏறுகிற வாயு. தரையில் விழுந்து கிடந்தவருக்கு அவ்வளவாகப் படவில்லை. நின்றுகொண்டு அவரை இழுத்தவனுக்குத்தான் முழுக்கப் பட்டது. பாதி தூரம் வரும்போது உள்ளே ஏதோ பிய்த்துக்கொண்டது. வெள்ளைப் புகையாகக் கொட்டியது. அதற்குள்ளிருந்து அண்ணன் அவரை இழுத்துக்கொண்டு வந்து வெளியே போட்டுவிட்டு, தானும் விழுந்தான். எல்லோரும் அவர்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். ரோட்டில் அண்ணனின் வாயில் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஆளில்லாத அந்தக் கட்டடத்துக்குள் எங்கள் பெட்டி கத்த ஆரம்பித்தது.

அண்ணாச்சி இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். முதலாளியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, நல்லா வேல செய்யுது" என்றார்.

அன்றைக்கு அவரை அடித்திருப்பேன். அண்ணனின் தலை என் மடியில் இருந்தது, அதனால் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்கப்புறம் கம்பெனி ரொம்ப நாள் தாங்கவில்லை. பெட்டிகள் லாரி லாரியாகத் திரும்பி வந்து மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. போலீஸும் அதிகாரிகளும் வந்தார்கள், வக்கீல்கள் வந்தார்கள். சம்பளம் வராத மாதத்திலும் திங்கட்கிழமை மீட்டிங் நடந்தது, திரை பச்சையாக இருந்தது என்று சம்பத் சொன்னார். நான் அதற்குப் பிறகு படியேறவில்லை. கடைசியில் கட்டடத்தை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பழம் கொண்டுவருவார், அண்ணனின் காலைப் பிடித்துவிடுவார், ஒரு தடவை அண்ணிக்குத் தெரியாமல் தலைமாட்டில் அழுததையும் பார்த்தேன். ஒரு நாள் அவர் இருக்கும்போதே டாக்டர் வந்து, நுரையீரல் வெந்துபோயிருக்கிறது, இனி பழையபடி ஆகாது என்று சொன்னார். அவர் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார். "சரியாயிரும்" என்றார். அதற்குப் பிறகு வரவில்லை.

அண்ணன் ஒரு வருஷத்துக்கு மேல் கட்டிலில் உட்கார்ந்தபடியே இருந்தான். படுத்தால் மூச்சு முட்டும். பேசினால் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவான். ஒரு தடவைகூட அவரைத் திட்டவில்லை. அதற்காக நான் அவனைத் திட்டினேன். ஆடி மாசத்தில் செத்துப்போனான்.

முதல் திதிக்குச் சாமான் வாங்க ராயபுரத்தில் பெரிய கடைக்குப் போனேன். அது அண்ணாச்சியின் தம்பி கடை என்பது எனக்கு மறந்துவிட்டது. கல்லாவில் அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார், சட்டை மட்டும் அதே வெள்ளை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஆளை விலக்கிவிட்டுத் தானே எழுந்து வந்து எள்ளும் பச்சரிசியும் நிறுத்தார். கற்பூரம் எடுத்து வைத்தார்.

"அம்மா சொகமா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அண்ணன் எப்படி இருக்காரு தாயி?"

கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் நிதானமாகத்தான் சொன்னேன்.

"அண்ணன் செத்துட்டான் அண்ணாச்சி. அவனுக்குத்தான் இந்த எள்ளு."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. கேட்டது என்று எனக்குத் தெரியும். அப்புறம் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, பொட்டலத்தை என் கையில் வைத்து, அந்தக் கையை அவருடைய இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லது தாயி. நான் ரொம்ப விசாரிச்சேன்னு அவருட்ட சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். அவர் அதே சிரிப்போடு, பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையை விடவில்லை. பின்னால் இருந்தவர்கள் நகரச் சொல்லி முணுமுணுத்தார்கள்.

"சொல்றேன் அண்ணாச்சி" என்றேன். அப்புறம்தான் கையை விட்டார்.